நாற்றம் நின்றுவிட்டது என்று குழிக்குள் இறங்காதீர்கள்

திருகோணமலை உப்புவெளியில், வீட்டுக் கழிவுக்குழி அடைத்துக்கொண்டது, கயிறு கட்டி இறங்கலாமா என்று கேட்ட தம்பிக்காக எழுதுகிறேன்.

90இல் திருகோணமலையை விட்டு ஓடி, மன்னாரில் வள்ளம் ஏறி, வேலூர்ப் பக்கம் அகதி முகாமில் இருந்தவன் நான். வாணியம்பாடிக்குக் கிட்ட தோல் பதனிடும் இடமொன்றில் நாட்கூலி வேலை. பச்சைத் தோலைச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த குழியில் ஊறப்போட்டால் மயிர் கழன்றுவிடும். அதை வெறுங்கையால் இழுத்துத் தூக்குவோம். விரல் இடுக்கெல்லாம் வெந்து, சோறு பிசையும்போது உயிர் போகும். கையுறை கேட்டும் கிடைக்கவில்லை, தேங்காயெண்ணெய்தான் மருந்து.

கைப்புண் ஆறிவிட்டது. அந்தக் கழிவுத் தொட்டி இன்னும் கனவில் வருகிறது. சுண்ணாம்புக் குழித் தண்ணீரும், தோலை அமிலத்தில் போடுகிற இடத்துத் தண்ணீரும் அதில்தான் சேரும். சல்பைடோடு அமிலம் கலந்தால் ஐதரசன் சல்பைட்டு வாயு கிளம்பும். காற்றைவிடக் கனமானது, அடியிலேயே தங்கும். அடைப்பெடுக்க இறங்கியவர் சேற்றைக் கிளறியதும் மடங்கி விழுந்தார். அவரைத் தூக்கப் போனவர் ஏணியிலேயே சரிந்தார். அடுத்ததாக நான் கால் வைத்தேன். மேஸ்திரி சட்டையைப் பிடித்து என்னை வெளியே இழுத்துப் போட்டார். மற்ற இருவரும் பிழைக்கவில்லை.

தம்பி, உங்கள் குழியில் அமிலம் இல்லைதான். ஆனால் மலம் அழுகினாலும் இதே வாயு வரும். முதலில் கூழ்முட்டை நாறும். காற்றில் 10 லட்சத்துக்கு 100 பங்கு ஆனாலே சில நிமிடத்தில் மூக்கு மரத்துவிடும். "இப்ப மணம் இல்லை அண்ணா" என்று போன மாதம் எங்கள் ஒழுங்கையில் ஒரு பொடியன் குழிக்குள் காலை விட்டபோது எனக்குக் கை நடுங்கியது. பிடித்து நிறுத்திவிட்டேன்.

விளக்கு இறக்கிப் பார்ப்பதும் வேண்டாம். ஆளைக் கொல்லும் அளவு வாயு இருந்தாலும் சுடர் அணையாது, குழி வாயு தீப்பிடிக்கவும் கூடும். வாயில் துணி கட்டுவதால் பயனே இல்லை. யாராவது விழுந்துவிட்டால் பின்னால் இறங்காமல் தீயணைப்புக்கு 110, அம்புலன்ஸுக்கு 1990 அடியுங்கள். மூச்சுக் கருவி போட்டவர்தான் உள்ளே போகலாம்.

குழி இன்னும் திறந்தா கிடக்கிறது? பலகை போட்டு மூடுங்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். குழியை உறிஞ்சி எடுக்கிற கலி பவுசர் வண்டிக்குச் சொல்லிவிட்டீர்களா?