புதுப்பிப்பு: தம்பிக்கு வந்த கடன் ஆப் மிரட்டல்

ஏழு நாள் தவணையில் கடன் கொடுத்த ஆப்காரர்கள், வாங்கியதைக் கட்டிய பிறகும் பணம் கேட்டு, தம்பியின் படத்தை ஆபாசமாக மார்பிங் செய்து சொந்தக்காரர்களுக்கு அனுப்புவோம் என்று மிரட்டியதை எழுதியிருந்தேன். விசாரித்த எல்லோருக்கும் நன்றி. மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை.

சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைத்து, தேசிய சைபர் கிரைம் தளத்திலும் புகார் பதிந்தோம். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட், யுபிஐ பரிவர்த்தனை எண், அழைத்த எண்கள் எல்லாம் கேட்பார்கள். ஆப்பை நீக்கும் முன்பே சேமித்துவிடுங்கள். ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளத்திலும் முறையிடலாம்.

ஆனால் ஆப்காரர்களின் பிடியை உடைத்தது அம்மாதான். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் அவரே போன் போட்டு, "படம் கிடம் வந்தா அது பொய்யி, பிளாக் பண்ணிடுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதன் பிறகு மிரட்ட அவர்களிடம் என்ன இருக்கிறது? இதைத் தயங்காமல் முதலில் செய்யுங்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் நாம் இல்லை.

தெரிந்துகொள்ளுங்கள்: ரிசர்வ் வங்கி விதிப்படி, முறையான கடன் ஆப்கூட உங்கள் போனின் தொடர்புப் பட்டியலைத் தொடக்கூடாது. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பிறகோ அழைக்கவும் கூடாது.

புது எண்களிலிருந்து எப்போதாவது அழைப்பு வருகிறது. எடுப்பதில்லை, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், மோசடி அழைப்புகளைப் புகார் செய்யும் 'சக்ஷு' பகுதியில் பதிந்துவிடுகிறோம்.