பசி அடங்காதவர்களை அருகில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

வெண்பூசணி:
பசி என்பது மனஉறுதி சம்பந்தப்பட்ட சங்கதி என்று நம்புகிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். என் மகனுக்குச் சிறுவயதில் தலைக்குள் கட்டி வந்தது. கிரேனியோபேரிஞ்சியோமா என்றார்கள். புற்றுநோய் அல்ல. ஆனால் இருந்த இடம் பொல்லாதது: பிட்யூட்டரி சுரப்பிக்கு மேலே, பசியை ஆளும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதியை ஒட்டி. அறுவை செய்தார்கள், பிழைத்துக்கொண்டான். தைராக்ஸின், ஹைட்ரோகார்ட்டிசோன், சிறுநீர் ஓயாமல் போவதை நிறுத்த டெஸ்மோபிரெசின் என ஒரு பை நிறைய மருந்தோடு வீடு வந்தோம். பசிக்கு மட்டும் அந்தப் பையில் எதுவும் இல்லை.

இட்லி தின்று முடித்து, கை கழுவிய ஈரம் காயுமுன் வந்து நிற்பான். "அம்மா, பசிக்கிறது." அடம் அல்ல, நடிப்பும் அல்ல. பட்டினி கிடந்தவனின் கண் அது. மாவுக்கு ஊறவைத்த அரிசியை அள்ளி மென்றிருக்கிறான். கடைசியில் அடுக்களையைப் பூட்டினோம். "பிள்ளை பசி என்கிறான், நீ சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறாய்" என்று மாமியார் என்னோடு பல நாள் பேசவில்லை. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் எல்லோர் முன்னாலும் நிறுத்தி, வீட்டில் என்னதான் போடுகிறார்கள் என்று கேட்டாராம்.

அளந்து கொடுத்தும் எடை ஏறியதுதான் எனக்குப் புரியாத புதிராக இருந்தது. ஹார்மோன் மருத்துவர்தான் விளக்கினார். உடம்பில் உள்ள கொழுப்பு, லெப்டின் என்ற ஹார்மோன் மூலம் "இருப்பு போதும்" என்று மூளைக்குத் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்குமாம். இவன் ரத்தத்தில் லெப்டினுக்குக் குறைவில்லை, தகவலை வாங்கும் இடம்தான் சிதைந்துவிட்டது. அதனால் மூளை பஞ்சம் வந்துவிட்டதாகவே எண்ணிச் செலவைச் சுருக்குகிறது. வேகஸ் நரம்பு வழியாகக் கணையத்தையும் முடுக்கி, இன்சுலினைக் கூட்டிக் கொழுப்பைச் சேர்க்கிறது.

பழைய வாத்தியார்:
அம்மா, உங்கள் மருத்துவர் சொன்னது சரி. மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். 1940-இல் ஹெதரிங்டனும் ரான்சனும் எலிகளின் ஹைப்போதலாமஸில் குறிப்பிட்ட இடத்தைச் சிதைத்தபோது அவை ஊதிப் பருத்தன. 1951-இல் யேல் பல்கலைக்கழகத்தில் நம் நாட்டவரான பி.கே. ஆனந்தும் ஜான் ப்ரோபெக்கும் வேறு எலிகளில் ஹைப்போதலாமஸின் பக்கவாட்டுப் பகுதியை இருபுறமும் அழித்தார்கள். தீனி பக்கத்திலேயே இருக்க, அந்த எலிகள் தொடாமல் பட்டினி கிடந்து செத்தன. ஆனந்த் பின்னர் தில்லி எய்ம்ஸில் உடலியங்கியல் துறைக்குத் தலைமை ஏற்றார். இதை நடத்தும் நாளில் பின்வரிசை மாணவர்கள்கூடத் தூங்கியதில்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது டக்ளஸ் கோல்மன் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் செய்தது. பிறவியிலேயே கொழுத்த இரண்டு வகைச் சுண்டெலிகள் அங்கே இருந்தன. ஒரு வகையைச் சாதாரணச் சுண்டெலியோடு உடலைச் சேர்த்துத் தைத்து ரத்தம் கலக்கவிட்டார். கொழுத்தது அப்படியே இருக்க, சாதாரணச் சுண்டெலி தின்பதை நிறுத்திச் செத்தது. மற்ற வகையைத் தைத்தபோதோ, கொழுத்தது தீனியைக் குறைத்துக்கொண்டது. ஆக, ஒன்றிடம் செய்தி உண்டு, கேட்கும் காது இல்லை. மற்றதிடம் காது உண்டு, செய்தி இல்லை. அந்தச் செய்தியின் பெயர் லெப்டின் என்பது 1994-இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு மரபணுவைப் பிடித்த பிறகே தெரிந்தது. உங்கள் மகன் முதல் வகை, பிறவியில் அல்ல, கத்தியால்.

இன்னொன்று. ஹைப்போதலாமஸின் அடிப்பகுதியில் ஏஜிஆர்பி நரம்பணுக்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. வயிறு நிறைந்த சுண்டெலியில் அவற்றை ஒளியால் தூண்டினால் சில நிமிடங்களில் மறுபடி தின்ன ஆரம்பிக்கும். பசித்த சுண்டெலி தீனியைக் கண்டதுமே, வாய் வைக்குமுன், இவை அடங்கிவிடும். ஆனால் சத்தில்லாத கூழைக் கொடுத்து ஏமாற்றினால் சற்று நேரத்தில் மீண்டும் கத்தத் தொடங்கும். குடலிலிருந்து கலோரி வந்து சேர்ந்த தகவல் கிடைத்தால்தான் நிரந்தர அமைதி. நாக்கை ஏய்க்கலாம், குடலை ஏய்க்க முடியாது.

உப்பளம்:
நோய் வந்த பிள்ளையின் கதை வேறு. மற்றவர்களுக்கு வாயைக் கட்டத் துப்பில்லை, அவ்வளவுதான். நான் இரவுச் சோறை நிறுத்தினேன், இளைத்தேன்.

நடுநிசி நாற்காலி:
உப்பளத்தாரே, இளைத்து எத்தனை காலம் ஆகிறது? அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் மளமளவென்று எடை குறைத்த 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்து, 2016-இல் கெவின் ஹால் குழு வெளியிட்டது. பெரும்பாலோருக்கு எடை திரும்பியிருந்தது. ஆனாலும், ஓய்வில் அவர்கள் உடல் எரிக்கும் சக்தி எதிர்பார்க்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவு. நானும் இரண்டு முறை இளைத்துப் பழைய எடைக்கே வந்தவன். வாயைக் கட்டினால் உடம்பு கணக்கைக் கட்டுகிறது.

கடைசிப் பந்தி:
சர்க்கரைக்காக வாரம் ஒருமுறை செமாக்ளூடைடு ஊசி போடுகிறேன். அதற்கு முன்பு அலுவலகக் கூட்டத்தில் தலையாட்டிக்கொண்டிருப்பேன், மனம் மேசை இழுப்பறையில் இருக்கும் முறுக்குப் பொட்டலத்திலேயே இருக்கும். வாழ்நாளெல்லாம் இப்படித்தான் எல்லோருக்கும் என்று நினைத்திருந்தேன். ஊசி தொடங்கிச் சில வாரங்களில் அந்த நினைப்பு வருவதே இல்லை. ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பார் சாதத்தோடு கை நின்றுவிட்டது. ரசம், பாயாசம் எல்லாம் இலையில் அப்படியே. பெண்ணின் தகப்பனார் சமையல் சரியில்லையோ என்று பதறினார்.

குடல் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோனைப் போலச் செய்த மருந்து இது. நம்முடையது ரத்தத்தில் ஓரிரு நிமிடம்தான் தாங்கும், இது ஒரு வாரம் நிற்கும். பின்மூளையிலும் ஹைப்போதலாமஸிலும் போய் "போதும்" என்கிறது. இந்த வகையில் முதலில் வந்த மருந்து கிலா மான்ஸ்டர் என்ற பல்லியின் எச்சிலிலிருந்து பிறந்தது என்று சொன்னால் வீட்டில் யாரும் நம்பவில்லை. குமட்டலும் மலச்சிக்கலும் உண்டு, மறைக்கவில்லை. ஊசி கிடைக்காமல் நடுவே விட்டுப்போனபோது முறுக்கு நினைப்பு முழுசாகத் திரும்பி வந்தது. அப்போதும் நான் அதே ஆள்தான், அதே மனஉறுதிதான்.

வெண்பூசணி:
வாத்தியார் ஐயா, நன்றி. மருத்துவரின் கடிதத்தைப் பள்ளியில் கொடுத்த பிறகு கேலி குறைந்திருக்கிறது. சக மாணவர்கள் பிறந்தநாளுக்குத் தரும் மிட்டாயை ஆசிரியை வாங்கிவைத்து என்னிடம் கொடுத்துவிடுகிறார். மேல்நிலை வகுப்புக்கு வெளியூர் போக வேண்டும் என்கிறான். இதே அறுவை முடிந்த பிள்ளையை விடுதியில் சேர்த்தவர்கள் யாராவது இருந்தால், சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு செய்தீர்கள் என்று எழுதுங்கள்.