பாதியில் நிற்கும் எக்காளம்: பழைய நகரங்களில் உங்களுக்குக் கதை சொன்னவர்கள் யார்?

போன அக்டோபரில் போலந்தின் கிராக்கோவ் நகரத்தில் ஆறு நாள் தங்கியிருந்தேன். பார்த்த இடங்களைப் பட்டியல் போடப் போவதில்லை, அது எங்கும் கிடைக்கும். அங்கே ஒரு பெரியவரைச் சந்தித்தேன். அவரைப் பற்றி எழுதிவிட்டு, உங்களுக்கு இப்படி யாராவது அகப்பட்டார்களா என்று கேட்கத்தான் இதைத் தொடங்குகிறேன்.

முதலில் அந்த ஊரின் சத்தத்தைச் சொல்லிவிட வேண்டும். நடு ஊரில் ஒரு பெரிய சதுக்கம். பக்கத்துக்குச் சுமார் 200 மீட்டர், 1257இல் அளந்து போட்டது. அதன் ஓரத்தில் புனித மரியாள் தேவாலயம். அதன் இரண்டு கோபுரங்களும் ஒரே உயரம் இல்லை. மணிக்கு ஒரு தடவை உயரமான கோபுரத்தின் சன்னல் திறக்கும், எக்காளத்தின் வாய் மட்டும் வெயிலில் மின்னிக்கொண்டு வெளியே நீளும். சின்ன மெட்டு ஒன்று. கேட்டுக்கொண்டிருக்கும்போதே, பேச்சுக்கு நடுவில் யாரோ வாயைப் பொத்தியது போல நின்றுவிடும். அப்புறம் அடுத்த சன்னல், அதே மெட்டு, அதே இடத்தில் நிறுத்தம். இப்படி நான்கு திசைக்கும். ராத்திரி மூன்று மணிக்கும் உண்டு. ஊதுபவர்கள் தீயணைப்பு வீரர்கள், முறை வைத்து மேலே இருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் காலை, கட்டணம் இல்லாமல் கூட்டிப்போய்க் கடைசியில் விருப்பப்பட்டதைக் கொடுக்கச் சொல்வார்களே, அந்த மாதிரி ஒரு நடையில் சேர்ந்துகொண்டேன். வழிகாட்டிக்கு எழுபது வயது இருக்கும். கம்பளித் தொப்பி, கையில் மடக்கிய குடை. கோபுரத்தடியில் நிறுத்திக் கதையை ஆரம்பித்தார். 1241இல் மங்கோலியப் படை வந்தது. மேலே காவலுக்கு நின்றவன் பார்த்துவிட்டு எக்காளம் ஊதினான். ஊர் விழித்துக்கொண்டது, கதவுகளை மூடினார்கள். ஆனால் அவன் ஊதி முடிப்பதற்குள் ஓர் அம்பு வந்து தொண்டையில் பாய்ந்தது. அன்று எங்கே நின்றதோ அங்கேதான் இன்றும் நிற்கிறது. சொல்லிவிட்டு அவர் தன் தொண்டைக் குழியில் விரலை வைத்தார். எங்கள் கூட்டத்தில் இருந்த ஓர் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், சும்மா சொல்லக் கூடாது.

இரண்டு மணி நேரம் கழித்து, கோட்டை வாசலில் நடை முடிகிற இடத்தில், குடையைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். “காலையில் சொன்ன அம்புக் கதை உண்மை இல்லை” என்றார். மங்கோலியர் வந்தது நிஜம். ஆனால் இப்போது நிற்கும் கோபுரம் அன்றைக்குக் கட்டப்படவே இல்லை. ஊர்க் கணக்குகளில் இந்த எக்காளம் தலைகாட்டுவதே 1392இல்தான். அம்புக் கதையை ஊர் ஊராகக் கொண்டுபோனது 1928இல் ஓர் அமெரிக்கர் எழுதிய சிறுவர் நாவல். “இதைக் கேட்டு யார் முகம் வாடுகிறது என்று பார்ப்பேன். அவர்களோடுதான் எனக்குப் பேசப் பிடிக்கும்” என்றார்.

என் முகம் வாடியிருக்கிறது போல. கூட்டம் கலைந்ததும், “ஒப்வஜானெக் சாப்பிட்டிருக்கிறாயா?” என்று கேட்டு ஒரு தள்ளுவண்டிக்குக் கூட்டிப்போனார். வளையல் மாதிரி வட்ட ரொட்டி. மாவைத் திரித்து, ஒன்றோடொன்று முறுக்கி, வெந்நீரில் ஒரு முக்கு முக்கி, பிறகுதான் அடுப்பில் வைப்பார்களாம். பெயருக்கே அந்த வெந்நீர் வேலைதான் அர்த்தம். எள், கசகசா, உப்பு என மூன்று வகை. கசகசா கோட்டெல்லாம் உதிர்ந்தது. மேலே நம் கைமுறுக்கு, கடித்தால் பன்.

அவர் முன்பு நோவா ஹூட்டா உருக்காலையில் இருந்தவர். கிராக்கோவின் கிழக்கே 1949இல் தொடங்கி, ஆலைக்காகவே கட்டிய நகரம் அது. பெயருக்கே புது உருக்காலை என்றுதான் பொருள். நான் நெய்வேலி நகரியத்தில் வளர்ந்தவன். வட்டம், வட்டத்துக்குள் வீட்டு எண், ஆலைச் சங்குக்கு எழுந்து ஆலைச் சங்குக்குச் சாப்பிடும் வாழ்க்கை. அதைச் சொன்னதும் தோளைத் தட்டினார். பிறகு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் நான் பார்க்கும் வேலை, புனேயில் கிளைத் தலைவராகப் போகச் சொன்னது, அம்மா தனியாக இருக்கிறார் என்பதால் நான் மறுத்தது, எல்லாவற்றையும் கொட்டினேன். முன்பின் தெரியாதவரிடம்தான் இதெல்லாம் வாயில் வரும்.

“நீங்கள் ஏன் ஆலையை விட்டீர்கள்?” என்று கேட்டேன்.

“எந்தக் கதை வேண்டும்? பயணிகளுக்குச் சொல்வதா?” என்றார். பயணிகளுக்கு: ஒருநாள் உருளை ஆலையில் நிற்கும்போது தூரத்தில் எக்காளம் கேட்டது, வேலையை உதறினேன். நடந்தது: தொண்ணூறுகளில் ஆள்குறைப்பு வந்தது, பட்டியலில் பெயர் இருந்தது, மூன்று மாதம் மனைவியிடம் சொல்லவில்லை. தினமும் டிபன் கட்டிக்கொண்டு கிளம்பிப் பழைய ஊரின் தெருக்களில் சுற்றியிருக்கிறார். சுற்றிச் சுற்றி ஊர் மனப்பாடம் ஆகிவிட்டது. வழிகாட்டிக்கான பரீட்சை எழுதித் தேறினார். “ஆலையிலிருந்து எக்காளம் கேட்கவே கேட்காது, பத்துக் கிலோமீட்டருக்குப் பக்கம் இருக்கும்” என்று சிரித்தார்.

சரி, உங்களுடையதைச் சொல்லுங்கள்.

* * *

நல்ல பதிவு தம்பி. நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. வயது 63. மகன் ஜெர்மனியில் டிரெஸ்டனில் வேலை பார்க்கிறான். அங்கிருந்து பிராக் இரண்டரை மணி நேர ரயில். அவனுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. நான் தனியாகப் போகிறேன் என்றேன். வீட்டில் ஒரே ரகளை. மருமகள்தான் என் பக்கம்.

பிராக் பழைய நகர மண்டபத்துக் கடிகாரம் 1410இல் செய்தது. மணி அடிக்கும்போது மேலே இரண்டு சன்னல் திறந்து சீடர்கள் வரிசையாக வந்து போவார்கள். பக்கத்தில் ஓர் எலும்புக்கூடு மணிக் கயிற்றை இழுக்கும், “நேரமாகிவிட்டது” என்று தலையாட்டும். மற்ற பொம்மைகள் “வரமாட்டோம்” என்பது போல் தலையைத் திருப்பும். கடைசியில் சேவல் கூவும். அவ்வளவுதான், ஒரு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். கூட்டம் “இதற்கா இவ்வளவு நேரம் நின்றோம்” என்று கலையும். எனக்கு அந்த எலும்புக்கூட்டை ரொம்பப் பிடித்துவிட்டது. மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் நின்று பார்த்தேன்.

பக்கத்தில் நின்ற ஒரு பெண், கடிகாரம் செய்த ஹனுஷ் என்பவர் வேறு ஊருக்கும் இதே போல் செய்துவிடக் கூடாதென்று அவர் கண்ணைக் குருடாக்கிவிட்டார்கள் என்று தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தாஜ்மகால் கட்டியவர்களின் கையை வெட்டினார்கள் என்று முப்பது வருடம் வகுப்பில் சொன்னவள் நான்! அதற்கும் ஆதாரம் இல்லை என்று பின்னால்தான் படித்தேன். மகனிடம் ஹனுஷ் கதையைச் சொன்னேன். அவன் தேடிப் பார்த்து, கடிகாரத்தை முதலில் செய்தவர் காதான் ஊர் மிக்குலாஷ், ஹனுஷ் பெயர் தவறாக ஒட்டிக்கொண்டது என்றான். ஆகப் பிராக்கிலும் ஆக்ராவிலும் ஒரே கதைதான். அழகான பொருள் ஒன்று ஊரில் இருந்தால் அதைச் செய்தவனுக்கு ஏதாவது கேடு வந்திருக்க வேண்டும் என்று நம் எல்லோருக்குமே தோன்றும்போல.

கோட்டைக்கு ஏறும் நெருதோவா தெருவில்தான் எனக்கு ஆள் கிடைத்தது. கையில் கறிகாய்ப் பையோடு ஓர் அம்மையார், என் வயதுதான். வீட்டு வாசல்களுக்கு மேலே சிற்பங்கள்: இரண்டு சூரியன், மூன்று வயலின், தங்கக் கிண்ணம். நான் அண்ணாந்து பார்ப்பதைக் கண்டு நின்றுவிட்டார். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம், எனக்கும் பேசும் ஆங்கிலம் கொஞ்சம். மரியா தெரசா மகாராணி காலத்தில், 1770 வாக்கில், வீடுகளுக்கு எண் போடும் வரை இந்த உருவங்கள்தான் விலாசம் என்று விரலால் காட்டிக் காட்டிப் புரியவைத்தார். எங்கள் ஊரில் இன்றைக்கும் கிணற்றடி வீடு, மச்சு வீடு, வேப்பமரத்து வீடு என்றால்தான் தபால்காரருக்கே தெரியும். அதை நடித்துக் காட்டினேன். வேப்பமரத்துக்கு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றேன். அவர் சிரித்த சிரிப்பில் பையிலிருந்த ஆப்பிள் ஒன்று உருண்டு இறக்கத்தில் ஓடியது. பிடிக்க முடியவில்லை.

நீ சொன்ன அந்த எக்காளக் கோபுரத்தில் ஏறலாமா தம்பி? முழங்கால் வலி உண்டு. இன்னொன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. புனே போகாததற்கு நீ சொன்னது பயணிகளுக்கான கதையா, நடந்ததா?

* * *

டீச்சரம்மா அடித்த கடைசிப் பந்து சிக்ஸர்.

என் அனுபவம் சின்னது. பெல்ஜியத்தில் ப்ரூகெ. கல் பாவிய தெருவில் பெட்டியை இழுத்தேன், ஒரு சக்கரம் கழன்று கால்வாயில் விழுந்தது. முன்பதிவு செய்த அறை வேறு யாருக்கோ போயிருந்தது. மழை வேறு. படகு ஓட்டுபவரிடம் “ஊர் எப்படி இவ்வளவு பழசாகவே இருக்கிறது?” என்று கேட்டேன். “கையில் காசு இல்லை, அதனால்” என்றார். கடலுக்குப் போகும் வழி மணல் தூர்ந்து, வியாபாரம் ஆண்ட்வெர்ப் பக்கம் நகர்ந்துவிட்டது. பல நூறு வருடம் ஏழை ஊர். இடித்துக் கட்ட வசதி இருந்திருந்தால் இன்று பார்க்க ஒன்றும் மிச்சம் இருந்திருக்காது. அவர் எங்கேயும் போகாமல் அங்கேயே இருக்கிறாரே, ஏன் என்று கேட்டேன். “படகு இங்கே இருக்கிறது” என்றார். இதில் இரண்டாவது கதை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

* * *

வணக்கம். கோயம்புத்தூரில் ஏழு வருட ஐடி வேலையை விட்டு இப்போது லைப்ஸிக்கில் முதுகலை படிக்கிறேன். அனுமதிக்கு எழுதிய கடிதத்தில் “சிறு வயதிலிருந்தே கையெழுத்துச் சுவடிகள் மீது தீராத ஆர்வம்” என்று எழுதினேன். சுத்தப் பொய். என் குழுவில் இருந்தவர்களை ஒவ்வொருவராக வேலையை விட்டு அனுப்பும்போது, அடுத்தது நான்தான் என்று பயந்து கிடைத்த படிப்புக்கெல்லாம் விண்ணப்பித்தேன். இதில் இடம் கிடைத்தது. அந்த உருக்காலைத் தாத்தாவைப் படித்ததும் எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்கள்.

ஆனால் பொய் பலிப்பதும் உண்டு. பக்கத்தில் ஹாலே என்ற ஊர். அங்கே ஆகஸ்ட் ஹெர்மன் ஃப்ராங்கே 1698இல் தொடங்கிய அநாதை இல்லமும் பள்ளிகளும் இன்னும் அப்படியே நிற்கின்றன. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவுக்கு ஆதரவாக இருந்த இடம் இதுதான். தமிழ் அச்செழுத்துகளை வார்த்து அனுப்பியதும் இங்கிருந்துதான். எழுத்து அளவுக்கு மீறிப் பெரிதாகிவிட்டது, காகிதம் தின்றது, அதனால் தரங்கம்பாடியிலேயே சின்னதாக மறுபடி வார்த்தார்கள். அவர் 1714இல் கப்பலேறியபோது மலையப்பன் என்ற தமிழ்ப் பையனையும் கூட்டி வந்தார். 1716இல் அவருடைய தமிழ் இலக்கணம் ஹாலேயில் அச்சாயிற்று. போகிறாயா என்று அந்தப் பையனை யாராவது கேட்டிருப்பார்களா என்ன. டிசம்பரில் அந்த முற்றத்தில் நடக்கும்போது, இரண்டு ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டு, அவன் காலில் என்ன போட்டிருந்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

இல்லத்தின் மாடியில் அந்தக் காலத்து அரும்பொருள் அறை இருக்கிறது. மேலே முதலை தொங்கும், அலமாரிகளில் சங்கு, கல், கப்பல் மாதிரிகள், நம் ஓலைச்சுவடி. காவலுக்கு உட்கார்ந்திருந்த வயதான பெண்மணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இதை உங்களால் படிக்க முடியுமா?” என்றார். பெருமையாகத் தலையாட்டிவிட்டுக் குனிந்தால், திக்கென்றது. புள்ளி இல்லை, சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லை, எகரமா ஏகாரமா தெரியவில்லை. கண்ணாடியில் மூச்சு படிய, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒரு வரியை வாய்விட்டுப் படித்தேன். பாதிக்கு மேல் தப்பாகத்தான் இருந்திருக்கும்.

அவர் எழுந்து நின்றுவிட்டார். “பதினொரு வருடமாக இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், சத்தம் எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிகிறது. இன்னொரு தடவை” என்றார். இன்னொரு தடவை படித்தேன். இந்த முறை எனக்கே இரண்டு சொல் பிடிபட்டது.

* * *

ஹாலே சகோதரி, அந்த இரண்டு சொல் என்னவென்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

டீச்சரம்மா, கோபம் எல்லாம் இல்லை. அம்மா நெய்வேலியில் என் தங்கை வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். புனேக்குப் போவதானால் மாதாமாதம் வந்து பார்த்துக்கொள்வேன் என்று சொன்னபோது, “போய்ட்டு வாயேன்டா” என்றுதான் சொன்னார். நானூறு பேருக்கு முன்னால் நின்று இந்தியில் கூட்டம் நடத்த எனக்குப் பயம். அதை இப்போதுதான் முதல் தடவை எழுதுகிறேன். மனைவிக்கு இந்தத் தளம் தெரியாது, நல்லவேளை.

கோபுரத்தில் ஏறலாம், ஆனால் படிகள் குறுகல், செங்குத்து. முழங்கால் வலியோடு வேண்டாம். சதுக்கத்தில் நின்றபடியே நான்காவது சன்னல் மூடுவதற்குள் கையை ஆட்டுங்கள், மேலே இருப்பவரும் பதிலுக்குக் கையாட்டுவார். நான் மூன்று நாள் ஆட்டினேன். முதல் இரண்டு நாளும் தப்பான பக்கம் நின்றிருக்கிறேன்.