டெபியன் 12: லிப்ரே ஆபிஸ் ஏற்றினால் லிப்சி6 பிழை, உதவி வேண்டும்

ரங்கூன்வாசி:
வணக்கம். எங்கள் கோவில் தமிழ் வகுப்புக்கு ஒரு பழைய லேப்டாப் நன்கொடையாக வந்திருக்கிறது, டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டே கொடுத்தார்கள். பாடத்தாள்களைத் தமிழிலும் பர்மியத்திலும் அடிக்க வேண்டும், ஆனால் லிப்ரே ஆபிஸ் என்ற ஆவண மென்பொருளில் இரண்டுமே கட்டம் கட்டமாகத்தான் தெரிகிறது. வெர்ஷன் 7.4 பழசு என்பதாலோ என்று புதியதை ஏற்றப் பார்த்தால், லிப்சி6 என்ற அடிப்படை நூலகம் 2.38-ஆவது வேண்டும், இருப்பது 2.36 என்று சொல்லி நின்றுவிடுகிறது. சோர்ஸ் பட்டியலில் டெபியன் வரிகளோடு உபுண்டு என்ற வேறொரு லினக்ஸின் நோபிள் (24.04) வெளியீட்டுக்கான பிபிஏ (வெளியார் பேக்கேஜ் களஞ்சியம்) ஒன்றும் இருக்கிறது, யார் சேர்த்தார்களோ தெரியவில்லை. லிப்சி6-ஐ மட்டும் உபுண்டுவிலிருந்து எடுத்துப் போடலாமா? இங்கே கரண்டும் நெட்டும் சேர்ந்தாற்போல் கிடைப்பதே அபூர்வம், அதனால் கை வைப்பதற்கு முன் கேட்கிறேன்.

மோல்மேன் தமிழன்:
அண்ணே, லிப்சி6-ஐத் தொடவே வேண்டாம். சிஸ்டத்தில் அநேகமாக எல்லா நிரலும் அதன் மேல்தான் நிற்கிறது, அது கெட்டால் டெர்மினலில் எல்எஸ் என்ற எளிய கட்டளை கூட ஓடாது. பிபிஏவில் இருக்கும் பேக்கேஜ் உபுண்டு 24.04-க்காகக் கட்டியது, அங்கே லிப்சி6 2.39. டெபியன் 12, அதாவது புக்வோர்ம், கடைசிவரை 2.36-இல்தான் இருக்கும், பாதுகாப்புத் திருத்தமும் முக்கியப் பிழைத் திருத்தமும் மட்டும் வரும். இரண்டும் டெப் (பேக்கேஜ்) கோப்பு என்பதால் பொருந்திவிடும் என்று பலர் நம்புகிறார்கள். எந்த வெளியீட்டுக்காகக் கட்டியது என்றுதான் பார்க்க வேண்டும்.

முதலில் அந்த பிபிஏ வரியை எடுத்துவிட்டு டெர்மினலில் ஆப்ட் அப்டேட் கொடுங்கள் (ஆப்ட் என்பது பேக்கேஜ் ஏற்றும் கருவி). அப்புறம் ஆப்ட் பாலிசி லிப்சி6 என்று கேளுங்கள் (கட்டளையை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்). 2.36 என்று தொடங்கி டெபியன் முகவரியைக் காட்டினால் நிம்மதி, அடித்தளம் கெடவில்லை. ஆனால் வேறு சில பேக்கேஜ்கள் பிபிஏவிலிருந்து ஏற்கெனவே ஏறியிருக்கலாம், அவற்றை ஆப்ட்-ஃபோர்க்டிராக்கர் பட்டியல் போட்டுக் காட்டும். ஆப்ட் தானாக எதையும் பழைய வெர்ஷனுக்கு இறக்காது, நீங்கள்தான் பேக்கேஜ் பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டு புக்வோர்ம் என்று சேர்த்து இன்ஸ்டால் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, கட்டம் கட்டமாகத் தெரிவது லிப்ரே ஆபிஸின் குறையே இல்லை, எழுத்துரு இல்லாததால் வருவது. 7.4 தமிழை ஒழுங்காகவே காட்டும். ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர் என்ற எழுத்துருப் பேக்கேஜ் ஒன்றைப் போட்டால் தமிழ், பர்மியம் இரண்டும் வந்துவிடும். தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என், அதில் தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது.

ரங்கூன்வாசி:
தம்பி, ரொம்ப நன்றி. லிப்சி6 2.36 தான், டெபியன் முகவரிதான். பிபிஏவை எடுத்துவிட்டேன். அந்த லேப்டாப்பில் நெட் நிற்பதே இல்லை, எழுத்துருவை வேறு கணினியில் இறக்கிக் கொண்டுவர முடியுமா?

பெகு வாத்தியார்:
முடியும் தம்பி, ஆப்ட்-ஆஃப்லைன் இதற்கென்றே இருக்கிறது. உங்கள் லேப்டாப்பில் தேவையான பேக்கேஜ்களைச் சொல்லி ஒரு சிறு கோப்பை உண்டாக்கி, பென்டிரைவில் எடுத்துப்போய், நெட் உள்ள கணினியில் அதைக் கொடுத்தால் சார்ந்திருக்கும் பேக்கேஜ்களோடு சேர்த்து இறக்கித் தரும். இரண்டு பக்கமும் ஆப்ட்-ஆஃப்லைன் இருக்க வேண்டும். டெபியன் 13-இலிருந்தோ உபுண்டுவிலிருந்தோ கையால் டெப் கோப்புகளைப் பொறுக்கி வராதீர்கள், பழைய தொல்லையே திரும்பும்.

பர்மியப் பாடத்தாள் 2019-க்கு முந்தையதா? அந்த ஆண்டு அக்டோபர் 1-இல்தான் மியான்மர் அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. ஜாஜீ என்ற பழைய பர்மிய எழுத்துருக் குறியீட்டில் அடித்த கோப்பு என்றால் எந்த யூனிகோடு எழுத்துரு போட்டாலும் எழுத்து குழம்பித்தான் தெரியும், வாசகத்தையே யூனிகோடாக மாற்ற வேண்டும்.

ரங்கூன்வாசி:
ஐயா, தமிழ் அழகாக வந்துவிட்டது! பர்மியத்தில் புதிய தாள்கள் சரி, பழையவை நீங்கள் சொன்னபடியே குழம்புகின்றன, அவற்றை மாற்ற வேண்டும். லிப்ரே ஆபிஸ் 7.4 அப்படியே இருக்கட்டும்தானே?

மோல்மேன் தமிழன்:
இருக்கட்டும் அண்ணே. உண்மையிலேயே புதிய வசதி ஏதாவது தேவைப்பட்டால் புக்வோர்ம்-பேக்போர்ட்ஸ் என்ற டெபியன் களஞ்சியத்தில் தேடுங்கள், அது இதே 2.36-க்காகக் கட்டியது. பிளாட்பேக் என்ற தனிப் பொதி முறையும் பொருந்தும், ஆனால் நிரல் ஓடத் தேவையான ரன்டைமையும் சேர்த்து இறக்கும், உங்கள் நெட்டுக்குக் கட்டுப்படியாகாது.