போட்ஸ்வானாவை நிமிர்த்தியது வைரமா, நிதி அமைச்சகமா?

கணக்கன்:
1966-இல் விடுதலை பெற்றபோது போட்ஸ்வானாவில் பட்டதாரிகள் இருபத்துச் சொச்சம் பேர்தான். உள்ளூர் ஆட்கள் தேறும்வரை வெளிநாட்டு அதிகாரிகளையே சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்கள், அவசரப்பட்டு அனுப்பவில்லை. நிதியும் திட்டமிடலும் ஒரே அமைச்சகத்தில். உதவி தர வந்த நாடுகளும் அந்தத் திட்டத்துக்குள் அடங்கித்தான் பணம் தர வேண்டும். ஆப்பிரிக்காவில் நிர்வாகத்தைக் கட்ட விரும்புவோர் படிக்க வேண்டிய பாடம் இதுதான்.

தெற்குக்காற்று:
1967-இல் ஓராபாவில் வைரம் கிடைத்ததை ஏன் விட்டுவிட்டீர்கள்? 1982-இல் ஜ்வானெங் சுரங்கமும் வந்தது. கஜானா நிறைந்திருந்தால் எந்த அமைச்சகமும் கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரியும்.

கணக்கன்:
சியரா லியோனிலும் அங்கோலாவிலும் வைரம் இல்லையா? அங்கே அது ஆயுதம் வாங்கப் போனது. ஓராபா இருப்பது நாட்டின் முதல் அதிபர் செரெட்சே காமாவின் சொந்த இனக்குழுவான பாமங்வாட்டோவின் நிலத்தில். ஆனாலும் கனிம உரிமையைச் சட்டத்தின் மூலம் நாட்டுக்கே எழுதிவைத்தார்கள். அதை வைரம் செய்யவில்லை ஐயா.

இளவேனில்:
இருபது லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் நாட்டை அளவுகோலாக்காதீர்கள். உகாண்டாவைப் பாருங்கள். 1991-இல் அரசு ஊழியர் அமைப்புக்கு வெளியே, கூடுதல் சம்பளத்தோடு தனி வரி ஆணையம் அமைத்தார்கள். சில ஆண்டுகள் வசூல் ஏறியது, பிறகு தேங்கியது. ஊழல் புகார்கள் விசாரணைக் கமிஷன் வரை போயின. சம்பளம் கூடியதும் உறவினர்களின் எதிர்பார்ப்பும் கூடியது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். (நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) 2004-இல் தலைமையேற்ற ஆலன் ககினா, ஊழியர்களைத் தங்கள் வேலைக்கே மறுபடி விண்ணப்பிக்க வைத்தார். புதுப் பெயர்ப்பலகையும் சம்பளமும் போதாது. கண்டிக்க அதிகாரமுள்ள ஒருவர் வேண்டும்.

தெற்குக்காற்று:
அப்படியானால் ககினா போனபின் யார்? தனிமனிதரை நம்பியிருப்பதை நிறுவனம் என்கிறீர்களா? போட்ஸ்வானாவுக்கே வருகிறேன். அத்தனை திட்டம் தீட்டியும் வைரத்தை விட்டு வெளியே வரத் தெரியவில்லை. சந்தை சரிந்ததும் பட்ஜெட் ஆட்டம் கண்டது. 1966 முதல் ஆண்ட கட்சி 2024-இல் தோற்றது.

கணக்கன்:
தோற்றது, சரி. எண்ணிக்கை முழுதாக முடியும் முன்பே அதிபர் மசீசி தோல்வியை ஒப்புக்கொண்டு வழிவிட்டாரே, அதையும் வைரக் கணக்கில் எழுதுவீர்களா?

தெற்குக்காற்று:
எழுதவில்லை. ஆனால் புதிய அரசு சம்பளப் பட்டியலைத் திறந்தால், அதற்குப் பணம் இன்னும் சுரங்கத்திலிருந்துதான் வர வேண்டும்.