பட்டம் முடித்துப் போகும் ஸ்டூடன்ட் வொர்க்கர்களுக்கு விருந்து: யோசனை தேவை

நூலகவாசி:
ஒஹாயோவில் ஒரு அரசுப் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை, புத்தகம் கொடுத்து வாங்கும் சர்குலேஷன் டெஸ்க் என் பொறுப்பு. எங்கள் மாணவப் பிள்ளைகள் ஒன்பது பேர் மே மாதம் பட்டம் வாங்கிப் போகிறார்கள். நள்ளிரவு வரை டெஸ்க்கில் உட்கார்ந்தது, வண்டி வண்டியாகப் புத்தகம் அடுக்கியது, யாரோ தப்பான அலமாரியில் செருகிவிட்டுப் போனதைத் தேடி எடுத்தது எல்லாம் இவர்கள்தான். இதுவரை டெஸ்க்குக்குப் பின்னால் நாலு பீட்சா பெட்டியைத் திறந்து வைப்பதோடு சரி, பாதிப் பேர் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு வகுப்புக்கு ஓடிவிடுவார்கள். இந்த முறை உட்காரவைத்துச் சாப்பாடு போட ஆசை. ஊழியர்களோடு சேர்த்து பதினைந்து பேர் வரும், கையில் 300 டாலர். இரண்டு பேர் ஹலால், மூன்று பேர் சைவம், ஒருவருக்கு வேர்க்கடலை ஆகாது. எப்போது வைக்கலாம், பரிசு என்ன கொடுக்கலாம்?

கணக்குப்பிள்ளை:
முதலில் உங்கள் பிசினஸ் ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்டரிங் ஒப்பந்தம் இருக்கிற வளாகங்களில் வெளிச்சாப்பாடு கொண்டுவரவே தனி அனுமதி வேண்டியிருக்கும், விருந்தன்று மதியம் அது தெரியவந்தால் வம்பு.

பரிசு என்றதும் எல்லோருக்கும் கிஃப்ட் கார்டுதான் தோன்றும். வேண்டாம். பத்து டாலர் கார்டாக இருந்தாலும் அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் கணக்கில் அது ரொக்கம் மாதிரி, சம்பளத்தோடு சேர்த்து வரி பிடிக்க வேண்டும். புத்தகம், கோப்பை போன்ற சின்னப் பொருளுக்கு அந்தத் தொல்லை இல்லை. அப்புறம், "எல்லோரும் கட்டாயம் வர வேண்டும்" என்று மட்டும் மெயிலில் எழுதிவிடாதீர்கள். கட்டாயம் என்றால் அது வேலை நேரம், சம்பளம் கொடுக்க வேண்டும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம்தான் வரம்பு, அதில் இதுவும் சேரும். இளைய மாணவர்களையும் அழைத்தால் 21 வயது ஆகாதவர்கள் இருப்பார்கள், ஒயின் பேச்சே எடுக்க வேண்டாம்.

மினசோட்டா_மாமி:
தேர்வு வாரத்தில் வைக்காதீர்கள், யாருக்கும் சாப்பாடு இறங்காது. பட்டமளிப்புக்கு முந்தின நாளும் சரிவராது, அப்பா அம்மா ஊரிலிருந்து வந்து இறங்கியிருப்பார்கள். வகுப்பு முடிகிற கடைசி வாரம்தான் தோது.

இன்னொன்று. மேஜையைச் சுற்றி ஒவ்வொருவரிடமும் "அடுத்து என்ன பண்ணப் போறே?" என்று கேட்கிற வழக்கம் இருக்கிறதே, தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். நம் பிள்ளைகள் பலர் ஓபிடி (படிப்பு முடிந்ததும் இங்கே வேலை பார்க்கும் அனுமதி) விண்ணப்பம் போட்டுவிட்டு அந்த அனுமதி கார்டு வருமா, வேலை கிடைக்குமா என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் ஒருவன் சியாட்டிலில் வேலை கிடைத்ததைச் சொல்லும்போது இவன் முகத்தை எங்கே வைப்பான்? சொல்ல விரும்புகிறவர்கள் தாங்களாகவே சொல்லட்டும்.

பழைய_டெஸ்க்:
நான் அந்தப் பக்கம் இருந்தவன், எம்எஸ் படிக்கும்போது நூலகத்தில்தான் வேலை. எங்கள் நூலகத்தில் போகிறவர்கள் ஆளுக்கு ஒரு நூலகப் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கலாம், உள்ளட்டையில் நம் பெயரும் பட்ட வருடமும் அச்சிட்ட சீட்டு ஒட்டுவார்கள். செலவு ஒன்றுமில்லை. அம்மாவுக்கு அதைப் போட்டோ எடுத்து அனுப்பினேன், அவர் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்.

பேசும்போது "நீங்கள் எல்லோரும் அருமை" என்று மொத்தமாக முடிக்காமல் ஆளுக்கு ஒரு வரி சொல்லுங்கள். எங்கள் மேலாளர் ஒரு பெண்ணைப் பற்றி, "மூன்றாவது மாடி பிரின்டரில் பேப்பர் சிக்கினால் ஐடி ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால் நான் இவளைத்தான் கூப்பிடுவேன்" என்றார். அந்தப் பெண் காது சிவந்துபோய்த் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் நினைவிருக்கிறது. ஆமாம், விருந்து நேரத்தில் டெஸ்க்கில் யார் இருப்பது? அதற்கு இன்னொரு மாணவனைப் போடாதீர்கள், நிரந்தர ஊழியர் யாராவது உட்காரட்டும்.

நூலகவாசி:
டெஸ்க் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. பக்கத்துத் துறையில் இரண்டு பேரைக் கேட்டிருக்கிறேன், சம்மதித்துவிட்டார்கள். கடைசி வார வியாழன், மாலை ஐந்தரை. தெருமுனை லெபனீஸ் கடையில் கோழி ஹலால், ஃபலாஃபெல், ஹம்முஸ் சைவம், ஆளுக்கு 18 டாலருக்குள் தருகிறார்கள். சமையலில் வேர்க்கடலை சேர்ப்பதில்லையாம், எண்ணெய் என்ன என்பதை மட்டும் நாளைக்கு நேரில் போய்க் கேட்க வேண்டும். கேட்டரிங் அனுமதிக்கும் மெயில் போட்டாயிற்று. புத்தகச் சீட்டு அச்சிட உங்கள் நூலகத்தில் என்ன காகிதம் பயன்படுத்தினார்கள் என்று தெரியுமா?

பழைய_டெஸ்க்:
அமிலம் இல்லாத காகிதம் என்று சொன்ன ஞாபகம். உங்கள் புத்தகப் பராமரிப்புப் பிரிவில் கேளுங்கள், பசையும் அவர்களிடமே இருக்கும்.