பழைய செஸ்னா 150: ஜெனரேட்டரைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் போடலாமா?

ராம்150:
டெக்சஸில் 1962 செஸ்னா 150 என்ற சிறிய விமானம் வைத்திருக்கிறேன், கான்டினென்டல் ஓ-200 இன்ஜின், 20 ஆம்பியர் ஜெனரேட்டர். ராத்திரி டாக்ஸி செய்யும்போது (தரையில் ஓட்டிப் போகும்போது) லேண்டிங் லைட்டைப் போட்டால் அம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் படுத்துவிடுகிறது (பேட்டரி தீர்கிறது என்று அர்த்தம்), ஆர்பிஎம் ஏற்றினால்தான் எழுந்திருக்கிறது. பக்கத்து ஹேங்கர்காரர் "செஸ்னாவே பின்னாளில் ஃபோர்டு ஆல்டர்னேட்டரைத்தானே போட்டான், கார் கடையில் வாங்கி மாட்டு" என்கிறார். குறைந்த ஆர்பிஎம்மிலும் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டருக்கு மாற சட்டப்படி என்ன வழி?

ஸ்பானர்:
அவர் சொல்லும் வரலாறு சரி. செஸ்னா ஃபோர்டு ஆல்டர்னேட்டரைப் போட்டது, இன்னொரு விமானக் கம்பெனியான பைப்பர் கிறைஸ்லருடையதை. ஆனால் கார் கடை டப்பாவில் எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை) அனுமதி பெற்ற பாகம் என்பதற்கான காகிதம் இருக்காது, விமானத்தில் அதுதான் முக்கியம். போதாததற்கு ஓ-200-இல் பெல்ட் கிடையாது, பின்னால் கியர்தான் சுழற்றும்.

உங்கள் மாடலும் இன்ஜினும் பட்டியலில் உள்ள எஸ்டிசி (விமானத்தில் மாற்றம் செய்ய எஃப்ஏஏ தரும் சான்றிதழ்) கிட்டைத் தேடுங்கள், அதைப் பயன்படுத்த எஸ்டிசி வைத்திருப்பவரின் எழுத்துபூர்வ அனுமதியும் வேண்டும். மின் அமைப்பின் அடிப்படை வடிவமைப்பை மாற்றினால் அது மேஜர் ஆல்டரேஷன் (பெரிய மாற்றம்), அதனால் ஏ அண்ட் பி (விமான உடல், இன்ஜின் இரண்டுக்கும் உரிமம் பெற்ற) மெக்கானிக் வேலையை முடித்தபின் ஐஏ (ஆய்வு செய்து ஒப்புதல் தரும் அதிகாரம்) வைத்திருப்பவர் பெரிய மாற்றங்களைப் பதியும் படிவம் 337-இல் கையெழுத்திட்டு ஒரு பிரதியை ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்ஏஏ அலுவலகத்துக்கு அனுப்புவார். எடை, சமநிலைக் கணக்கையும் உபகரணப் பட்டியலையும் திருத்த வேண்டும், இதைப் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். எதையும் வாங்கும் முன் அந்த ஐஏ-விடம் பேசுங்கள், கையெழுத்துப் போடப்போவது அவர்தானே!

ராம்150:
நன்றி அண்ணா. 60 ஆம்பியரே போட்டுவிட்டால் கவலையில்லை, இல்லையா?

ஸ்பானர்:
20 ஆம்பியருக்குப் போட்ட வயரும் பிரேக்கரும் அம்மீட்டரும் 60-ஐத் தாங்காது தம்பி. எஸ்டிசி வரைபடத்தில் என்ன வயர், என்ன பிரேக்கர் என்று இருக்கிறதோ அதைத்தான் போட வேண்டும், ஓவர்வோல்டேஜ் பாதுகாப்பு உட்பட. ஜெனரேட்டரோடு வந்த பழைய ரெகுலேட்டரும் ஆகாது.

மேகநாதன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். முதலில் லோடை (எல்லா மின்சாதனங்களும் இழுக்கும் ஆம்பியரை) கூட்டிப் பாருங்கள். பழைய 100 வாட் லேண்டிங் லைட் மட்டுமே 12 வோல்ட்டில் எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், ஜெனரேட்டரில் ஏறக்குறைய பாதி அங்கேயே போயிற்று. தொடர் லோடு ஜெனரேட்டர் திறனில் 80 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது ஏசி 43.13-1பி என்ற எஃப்ஏஏ வழிகாட்டி சொல்லும் கணக்கு. அனுமதி பெற்ற எல்இடி விளக்குக்கு மாறினால் லோடு வெகுவாக இறங்கும், செலவும் குறைவு. டாக்ஸியில் முள் கொஞ்சம் சாய்வது ஜெனரேட்டரின் சுபாவம், குறைந்த ஆர்பிஎம்மில் அது ஒன்றும் தராது.

இன்னொன்று. பேட்டரி சுத்தமாகச் செத்திருக்கும்போது புரொப்பெல்லரைக் கையால் சுழற்றி ஸ்டார்ட் செய்தால் ஜெனரேட்டர் பெரும்பாலும் தானாக உயிர் பெறும், ஆல்டர்னேட்டருக்கு ஃபீல்டு கரண்ட் (உள்ளே காந்தப்புலம் உண்டாக்கும் மின்சாரம்) தர பேட்டரி வேண்டும்.

ராம்150:
அப்போ இந்த வாரம் லோடு கணக்கு, எல்இடி. அப்புறமும் முள் படுத்தால் ஐஏ-வைப் பார்க்கிறேன்.